எட்டரை மணி இளவெயில்

எங்கள் சூரியனுக்கே நேரம் சொல்லித்தர வந்துவிட்டார் பள்ளியின் புதுத் தலைமையாசிரியர் ஆவுடையப்பன்! திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் பெரிய அதிகாரி வருகிறாராம். வரவேற்க எட்டரை மணிக்கே பிள்ளைகள் கொடியோடு கப்பல் அணையும் ஜெட்டியில் நிற்க வேண்டுமாம்.

"காலை இளவெயில்தானேம்மா, உடம்புக்கு நல்லது," என்றார் என்னிடம்.

இந்தத் தீவில் ஐந்து மணிக்கே விடிந்துவிடும். கடிகாரம்தான் மெயின்லேண்டுடையது. எட்டரைக்கெல்லாம் ஜெட்டி சிமெண்டில் வெறுங்காலை வைக்க முடியாது.

என் மகள் சுகிர்தா இரண்டாம் வகுப்பு. போன வாரம்தான் வெயிலில் மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்தாள். தொப்பியில்லாமல் வெளியே விடாதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அதிகாரி வருகிற அன்றைக்கு நானே தொப்பியை மாட்டி அனுப்பினேன். மனசு கேட்காமல் பின்னாலேயே போனேன். பார்த்தால், போட்டோவில் முகம் தெரியாதாம், எல்லாப் பிள்ளைகளின் தொப்பியையும் கழற்றிச் சாக்கில் போட்டுவைத்திருக்கிறார் மனிதர்! பக்கத்திலேயே பெரிய பந்தல், அடியில் வரிசையாகக் காலி நாற்காலிகள். கப்பலைக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை காணோம்.

சுகிர்தாவின் முகம் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. நேரே அவரிடம் போனேன்.

"அரே சார், பிள்ளைங்கள என்ன கருவாடுன்னு நெனச்சீங்களா, இப்படிக் காயப்போட்டிருக்கீங்க?"

"பந்தல் விஐபிக்கும்மா. இப்ப கப்பல் வந்துரும்."

"இங்க என்னிக்கு சார் கப்பல் நேரத்துக்கு வந்திருக்கு? பஸ் கரோ, போதும் நிறுத்துங்க! பிள்ளைங்களா, எல்லாரும் பந்தலுக்குள்ள வாங்க!"

சுகிர்தாவைத் தூக்கிக்கொண்டுபோய் முன்வரிசை நாற்காலியில் சாய்த்து, முகத்தில் தண்ணீர் தெளித்தேன். மற்ற பிள்ளைகள் கொடியும் கையுமாகத் திமுதிமுவென்று ஓடிவந்து உட்கார்ந்தார்கள்.

"நாளைக்கு உங்க பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க!" என்று கத்தினார் ஆவுடையப்பன்.

"அனுப்பத்தான் செய்வேன். தொப்பியோட அனுப்புவேன்!"

சாக்கை அவிழ்த்து அவரவர் தொப்பியைக் கொடுத்தேன். அவர் என்னை முறைத்துவிட்டு, மாலையோடு ஜெட்டி முனையில் தனியாகப் போய் நின்றார். கப்பல் வரவேயில்லை. இளநீர் வாங்கிக் கொடுத்ததும் மகளுக்கு மெல்ல முகம் தெளிந்தது. அவர் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தடுப்பதற்குள், யாரும் வாங்காமல் சாக்கில் மிச்சமிருந்த ஒரு தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சார், இதப் போட்டுக்கங்க. இல்லன்னா மயக்கம் வரும்."

ஆவுடையப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு வாங்கி, காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஆக, அந்தத் தலைக்கும் சுட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது இளவெயிலாம்!