ஆளில்லா நாற்காலியின் காசு

எங்கள் ஐஷ்டெட் ஊரை பிஷப்புகளே ராஜாக்களாக ஆண்ட காலத்து வெள்ளிக்காசு என்றால் என் வீட்டுக்காரர் கொர்பினியனுக்குப் பசி தூக்கம் கிடையாது. அதிலும் ஒரு காசுக்காகப் பாதி ஆயுளை அலைந்தே தொலைத்தார். ஒரு பிஷப் செத்து அடுத்தவர் வருவதற்குள், ஆளில்லாத நாற்காலியின் பேரில் பேராலயக் குருமார்கள் அடித்த காசு அது. போன வருஷம்தான் கிடைத்தது. கட்டின பெண்டாட்டி எனக்கே கையுறை மாட்டிவிட்டுத்தான் தொடக் கொடுத்தார். கிறுக்கு மனுஷன்!

எங்கள் மகள் ஆஃப்ராவின் கல்யாணத்தன்று காலையில், மணக்கோலத்திலேயே அவள் அப்பாவிடம் ஓடி வந்தாள். கையில் ஒரு சாரிவாரி. விசேஷ நாளில் எங்கள் ஆண்கள் தோல் நிஜாரின் முன்னால் தொங்கவிடும் வெள்ளிச் சங்கிலி. அதில் மான் பல்லுக்குப் பக்கத்தில் அந்தக் காசு! தட்டானிடம் கொடுத்து, வளையம் வைத்துப் பற்றவைத்து, பளபளவென்று தேய்த்து வாங்கியிருந்தாள். காசின் மேல் இருந்த சாம்பல் நிறம் ஏறுவதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது; அது போனால் காசின் மதிப்பே போச்சு.

"பெட்டிக்குள்ளயே கிடக்குதேப்பா! இனிமே உங்க இடுப்புல ஆடட்டும். பிடிச்சிருக்கா?"

வாயைத் திறந்தேன். அவர் என் கையை அழுத்தினார்.

"ரொம்ப நல்லாயிருக்குடா கண்ணு," என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவர் கண் கலங்கியதைச் சந்தோஷம் என்று நினைத்து அவள் முத்தம் கொடுத்தாள்.

தேவாலயத்தில் யாரும் காசைக் கவனிக்காமல் தப்பித்தோம். விருந்தில் மாட்டினோம். அவரோடு காசு சேர்க்கும் ஒட்மார் பீர் குவளையோடு வந்தவன், அவர் இடுப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"அடப்பாவி! இதுல வளையம் வச்ச மடையன் எவன்டா? போச்சேடா, இனிமே இது வெறும் பொத்தான்டா!"

"மெதுவாப் பேசித் தொலைடா," என்று இவர் பல்லைக் கடித்தார். ஆஃப்ரா பின்னாலேயே நின்றிருந்தாள். பாழாய்ப்போன வாய்! ஒட்மாரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாம் போலிருந்தது.

அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதுவே போதுமாக இருந்தது. வெள்ளை உடையோடு தரையில் மண்டியிட்டு, அந்த வளையத்தை நகத்தால் நெம்ப ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"எடுத்துடலாம்பா... எடுத்துடலாம்ல?"

"விடும்மா, எனக்குப் பிடிச்சுத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்கப்பா!"

நகம் உடைந்தது. அப்போதும் அவள் நிறுத்தவில்லை. கொர்பினியன் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?