நீலத் தார்ப்பாயில் ஒருத்தி தூங்குகிறாள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. போன ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மீன் வாங்கிக்கொண்டு சைக்கிளில் கனாசாவாவின் சாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தேன். கீழே கரையில், செர்ரி மரத்தடியில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். விரித்திருந்த நீலத் தார்ப்பாயில் இருபது பேர் தாராளமாக உட்காரலாம். அதன் நட்ட நடுவில் அவள் ஒருத்தி மட்டும், வேலைக்கு நேர்முகம் போகிற கறுப்புக் கோட்டும் பாவாடையுமாக, கைப்பையைத் தலைக்கு வைத்துச் சுருண்டிருந்தாள். மீன் கெட்டுவிடும் என்பதையும் மறந்து நின்றுவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எனக்குப் பல வருஷம் ஆகிறது. பொறாமையாக இருந்தது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

வீட்டுக்கு வந்து, மீனைக் கழுவாமல், தொடக்க வரிகளை எழுதிப் பார்த்தேன்.

'வசந்தம் என்பது —' (வேண்டாம். இப்படித் தொடங்கினால் பள்ளிக்கூடக் கட்டுரையாகத்தான் முடியும்.)

'பூக்கள் உதிர்ந்தன, அவளுடைய இளமையைப் போல —' (சீ.)

'மினோரிக்கு அன்றுதான் தூக்கம் வந்தது.' (இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.)

2

மினோரிக்கு அன்றுதான் தூக்கம் வந்தது.

அவள் கல்லூரியில் நாலாம் வருஷம். கனாசாவாவில் மட்டுமல்ல, இந்த நாடு முழுக்க, நாலாம் வருஷத்து வசந்தம் என்றால் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவதுதான். வேலை இல்லை என்று எந்தக் கம்பெனியும் வாய் திறந்து சொல்லாது. 'தங்கள் வருங்கால நலனுக்குப் பிரார்த்திக்கிறோம்' என்று மின்னஞ்சல் வரும். படித்தவன் புரிந்துகொண்டு அடுத்த கதவைத் தட்ட வேண்டும்.

அமைதி அவளுக்குச் சில்லறையாகத்தான் கிடைத்துவந்தது. ரயில் சுரங்கத்துக்குள் போகும்போது கைபேசிக்கு சிக்னல் போய்விடும் சில நிமிஷங்கள். காசு போட்டுத் துவைக்கும் கடையில் துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். ஐந்தாவது மாடி நேர்முகத்துக்கு லிஃப்டில் போகாமல், மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுப்படியில் உட்கார்ந்து ஒரு ஆரஞ்சு உரித்துத் தின்றது. (இந்த ஆரஞ்சை முதலில் அடித்தேன், பிறகு சேர்த்தேன். பசித்த பெண்ணுக்கு ஒரு பழம்கூடக் கொடுக்காத கதைக்காரன் என்ன கதைக்காரன்?)

அவள் கல்லூரிப் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். குழுவின் பூப்பார்க்கும் விருந்துக்கு இடம் பிடிக்க தானே போகிறேன் என்று அவள் சொன்னதும், இரண்டாம் வருஷத்து சுமிரே வாயைப் பிளந்தாள்.

"அக்கா, அது எங்க வேலை. நாலாம் வருஷத்தப் போய்த் தார்ப்பாய்ல உக்கார வச்சோம்னு தெரிஞ்சா எங்கள உரிச்சுடுவாங்க."

"நான் சொல்லித்தானே உக்காரப் போறேன்?"

"உங்களுக்கு அன்னிக்கி இன்டர்வியூ இருக்குல்ல?"

"காலையில. முடிச்சுட்டு நேரா வந்துடுவேன்."

"நேத்து எத்தன பேரு பிரார்த்தனை பண்ணாங்க?"

"ரெண்டு பேரு."

"இத்தன பேரு பிரார்த்தனைக்கு நீங்க இந்நேரம் மந்திரியே ஆயிருக்கணும்க்கா."

மினோரி சிரித்தாள். ஆனால் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. சுமிரேயிடம் சொல்லவில்லை. உங்களிடம் நான் சொல்கிறேன்.

3

இடம் பிடிப்பது நமக்குப் புதிதா? ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் துண்டைப் போட்டுவிட்டு, ஆற அமர ஏறி, "துண்டு போட்ருக்கேன்ல?" என்று சண்டை போடுகிற பரம்பரை நாம். இங்கே துண்டு மட்டும் போதாது. தார்ப்பாயை விரித்து, ஆளும் கூடவே உட்கார வேண்டும். ஆளில்லாத தார்ப்பாயைச் சுருட்டி எடுத்துவிடுவோம் என்று ஆற்றங்கரையில் பலகை வைத்திருக்கிறார்கள். மாலையில் பாட்டும் பீரும் வரும்வரை ஒருவர் காவல். அவருக்குச் செய்ய ஒரு வேலையும் கிடையாது. சும்மா இருப்பதுதான் வேலை.

(சும்மா இருப்பதே சுகம் என்று நம்மூரில் சொன்னவர்கள் யாரும் ஏப்ரல் மாதம் ஆற்றுக் காற்றில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்ததில்லை. பல் தந்தியடிக்கும்.)

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அவள் இரண்டாம் வருஷமாக இருந்தபோது, இந்தக் காவல் அவளுக்கும் ஷுஹெய்க்கும் விழுந்தது. ஷுஹெய் அதே வருஷத்துப் பையன், அடிக்குரல் பாடுகிறவன், வாயைத் திறந்து பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். அன்று முழுக்க இருவரும் தார்ப்பாயின் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் ஒரு பாட்டின் அடிக்குரலை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு மினோரி எங்கே எந்த அமைதியைக் கண்டாலும், சுரங்கமோ படிக்கட்டோ, அந்த ஒரு நாளோடு ஒப்பிட்டுப் பார்த்து, இது கொஞ்சம் குறைச்சல் என்றுதான் எடை போட்டாள்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். ஷுஹெயை ஏன் அவளிடமிருந்து பிரித்தேன் என்று சொல்லியாக வேண்டும். அவனுக்கு வேறொரு காதலி, வெளிநாட்டுப் படிப்பு என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை. கனாசாவாக் கல்லூரியில் படிக்கிற பையன் வடக்கே நோட்டோ கடலோரத்துக்காரனாக இருந்தால், அவன் ஏன் வீட்டுக்குப் போனான் என்று இந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அவர்கள் இரண்டாம் வருஷத்தில் இருந்தபோது வந்த புத்தாண்டு அன்று அங்கே நிலம் ஆடியது. ஷுஹெயின் அப்பா வைத்திருந்த முடிதிருத்தும் கடை சரிந்தது, அப்பாவுக்கு இடுப்பில் அடி. நிஜமான துக்கத்தைக் கடன் வாங்கிக் கதைக்கு உரம் போடுவது எனக்குப் பிடிக்காது. அதனால் இதைப் பற்றி இனி நான் எதுவும் விளக்கப் போவதில்லை. அவன் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வோம்.

ஒரு வருஷ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். இடிபாடு அள்ளும் லாரியில் வேலை. அந்த விடுப்பு முடிந்துவிட்டது. விருந்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது குழுவின் அரட்டையில் அவனிடமிருந்து செய்தி: 'வெள்ளிக்கிழமை காலேஜ் ஆபீசுக்கு வரேன். படிப்ப நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போகணும். முடிஞ்சா ஆத்தங்கரைக்கு எட்டிப் பாக்கறேன். சாயங்கால பஸ்ஸப் பிடிக்கணும்.'

எல்லோரும் அழுகிற முகப் பொம்மைகளை அனுப்பினார்கள். மினோரி மட்டும் கணக்குப் போட்டாள். குழு வருவது இருட்டின பிறகு. அவன் பஸ் அதற்கு முன்னால். அவனைப் பார்க்கப் போவது இடம் பிடிக்கிற ஆள் ஒருவர்தான்.

அவளுக்கு அவனிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. என்னைப் போலவே அவளும் தொடக்க வரியில் மாட்டிக்கொண்டாள். குளிக்கும்போதும் ரயிலிலும் சொல்லிப் பார்த்தாள்.

'ஒரு வருஷம்தானே போச்சு, இப்ப வந்தாக்கூட —'

'நீ இல்லாம அடிக்குரல் —'

'ஷுஹெய், போகாதயேன். எனக்கு —'

5

வெள்ளிக்கிழமை. நேர்முகத்தில் 'உங்களை ஒரு வீட்டுச் சாமானாகக் கற்பனை செய்தால் எது?' என்று கேட்டார்கள். மினோரி 'முக்காலி' என்றாள். பிரார்த்தனை நிச்சயம் என்று தெரிந்துபோயிற்று. நேரே ஆற்றங்கரைக்கு வந்து தார்ப்பாயை விரித்தாள்.

பக்கத்துத் தார்ப்பாயில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், டை கட்டி, கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார். பெயர் நகாட்டா.

"கம்பெனிக்கா சார்?" என்றாள்.

"ஆமாம்மா. புதுசா சேர்ற பசங்கதான் இதுக்கு வருவாங்க. இந்த வருஷம் எங்க செக்‌ஷன்ல ஒருத்தரும் சேரல. அதனால செக்‌ஷன் தலைவரே வந்துட்டேன்."

"உங்க கம்பெனில ஆள் எடுக்கறாங்களா?"

"வந்துடாதம்மா. முப்பது வருஷம் கழிச்சு நீயும் இங்கதான் உக்காந்திருப்ப."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. மினோரி பாலத்தைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். அவளுடைய முதுகு நாலு மாதமாக நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தே இருந்த முதுகு. ஒரே ஒரு நிமிஷம் சாயலாம் என்று கைப்பையைத் தலைக்கு வைத்தாள்.

6

ஷுஹெய் வந்தான்.

கறுத்திருந்தான், தோள் அகன்றிருந்தது. கையில் இரண்டு காபி டப்பா, சூடாக. தார்ப்பாய் ஓரத்தில் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய மூலைக்கே போய் உட்கார்ந்தான். அவளைப் பார்த்தான். பிறகு ஆற்றைப் பார்த்தான்.

"எழுப்பட்டுமா தம்பி?" என்றார் நகாட்டா, குசுகுசுவென்று.

"வேண்டாம் சார்."

"அட, உனக்காகத்தான் காத்திருந்துச்சு போல. பாலத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

"எவ்ளோ நல்லாத் தூங்கறா பாருங்க."

"அதான் பாக்கறேனே. பஸ்ஸு கிஸ்ஸு ஏதாவது பிடிக்கணுமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு."

"இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு வார்த்த பேசாமப் போவியா? என்னப்பா நீ!"

ஷுஹெய் தலையைச் சொறிந்தான். "எங்க ஊர்ல பள்ளிக்கூட ஜிம்முலதான் சார் எல்லாரும் படுத்திருந்தோம். தரை ஆடிக்கிட்டே இருக்கும், யாருக்கும் தூக்கம் வராது. எப்பவாச்சும் ஒருத்தர் தூங்கிட்டா, மத்தவங்கல்லாம் இருமலக்கூட அடக்கிக்குவோம். எழுப்பறதுன்னா... எனக்கு இப்ப கையே வராது சார்."

நகாட்டா தன் கைபேசியின் சத்தத்தை அணைத்து வைத்தார்.

(சத்தியமாகச் சொல்கிறேன், இந்த வசனத்தை நான் திட்டமிடவில்லை. அவனை வெறும் கூச்சக்காரனாகத்தான் எழுத நினைத்திருந்தேன். பேனா கைமாறிவிட்டது.)

ஆனால் நான் விடவில்லை. இவள் ஒரு வாரமாக ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு திரிகிறாள், அது வெளியே வராமல் போனால் என் மனசு ஆறுமா? ஒரு காக்கையை அனுப்பினேன். அது கத்துவதற்குள் அவன் கையை வீசி விரட்டிவிட்டான். ஒரு குழந்தையின் பந்தை உருட்டிவிட்டேன். எட்டிப் பிடித்து, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தான். கடைசியில் மழையை இறக்கினேன். கனாசாவாவில் மழைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சோற்றுப்பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் பாடம். அவன் குடையை விரித்து அவள் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டான். தூறல் நிற்கும்வரை பிடித்திருந்தான். அவன் முதுகு நனைந்தது.

நான் தோற்றேன்.

அவனுக்குத் தெரியாத ஒன்றை நகாட்டா பார்த்திருந்தார். அவன் வருவதற்கு முன்னால் அவள் தூக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தாள், இமை துடித்துக்கொண்டே இருந்தது. அவன் வந்து மூலையில் உட்கார்ந்த பிறகுதான் அடங்கினாள். இதை அவனிடம் சொல்வது அடுத்தவர் விஷயத்தில் தலையிடுவது ஆகிவிடுமோ என்று நகாட்டா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். நல்ல மனுஷர்களாகவே ஒரு கதையில் சேர்ந்துவிட்டால் எழுதுகிறவன் பாடு திண்டாட்டம்தான்.

7

முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: அவள் விழிக்கிறாள். பக்கத்தில் காபி டப்பா, இன்னும் சூடு ஆறவில்லை. ஓடுகிறாள். பஸ் கதவு மூடுகிற நேரத்தில் — (இப்படி ஓடுகிற எத்தனை பேரை நான் பார்த்துவிட்டேன். தவிர, அவளுடைய நேர்முகச் செருப்புக்குக் குதிகால் உயரம். விழுந்துவிடுவாள்.)

இரண்டாவது: அவள் விழிக்கிறாள். டப்பா சூடாக இருக்கிறது. நகாட்டா எல்லாவற்றையும் சொல்லி, "நான் பாத்துக்கறேன், நீ ஓடும்மா" என்கிறார். "ஐயோ வேண்டாம் சார், உங்களுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று சொல்லி, அவள் உட்கார்ந்தே இருக்கிறாள், இருபது பேருக்கான இடத்தைக் காத்துக்கொண்டு. (இதுதான் நடக்கும் என்று இங்கே வாழ்ந்த எனக்குத் தெரியும். எழுத மனசு வரவில்லை. இவர்கள் ஒருவருக்கொருவர் தொந்தரவு கொடுக்காமல் இருந்தே இழந்தவற்றை அடுக்கினால் ஆற்றில் இடம் போதாது. எனக்கு ஆத்திரமாக வருகிறது.)

8

அதனால் கதையை இங்கேயே நிறுத்திப் பிடித்திருக்கிறேன். தூறல் விட்டுவிட்டது. ஷுஹெய் ஒரு டப்பாவை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தில் குனிந்து பூட்ஸ் மாட்டுகிறான். இடது கால் முடிந்தது. வலது கால் கயிற்றைக் கட்டுகிறான், அவிழ்க்கிறான், மறுபடி முதல் துளையிலிருந்து கோக்கிறான். லாரியில் ஏறி இறங்கும்போது இதையே அவன் இருட்டிலும் ஒரு நொடியில் கட்டுகிறவன்.

நானோ நகாட்டாவோ எழுப்ப மாட்டோம். அந்த ஜிம்மைப் பற்றிக் கேட்ட பிறகு எங்களுக்கும் கை வரவில்லை.

நீங்கள் இந்த ஊர்க்காரர் இல்லை. துண்டு போட்டு இடம் பிடித்துச் சண்டை போடுகிற கூட்டத்திலிருந்து வந்தவர். அவள் பெயர் மினோரி. கொஞ்சம் சத்தமாகவே கூப்பிடலாம்.