லீனாவின் மீதிக் கதை

ஹில்டாவின் கண்கள் புத்தகத்தின் மேலேயே இருந்தன. வாய்தான் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. புத்தகத்தில் லீனாவின் அம்மா பனி உருகுவதற்கு முன்பே செத்துப்போயிருந்தாள். ஹில்டாவோ அவளைக் கட்டிலில் எழுப்பி உட்காரவைத்து, கஞ்சி குடிக்கவைத்து, சால்வை போர்த்தி வாசல்வரை நடத்திக்கொண்டு வந்துவிட்டாள். “வெயில் வந்தது. அம்மா லீனாவுக்குத் தலை வாரிப் பின்னினாள். முற்றும்” என்று சொல்லிப் பட்டென்று மூடினாள். இன்னும் பாதிப் புத்தகம் இருந்தது. புங்க மரத்தடியில் பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

தாம்பரம் சானடோரியத்தில் காசநோய் வார்டுகளுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெரியவர்கள் பழமும் பிளாஸ்குமாக உள்ளே போக, கூட வந்ததுகள் வேலிக்கு வெளியே புழுதியில் புரண்டுகொண்டிருக்கும். பெரும்பாலும் குவாரியிலும் சூளையிலும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். இவர்களுக்குக் கதை படித்துக்காட்டலாம் என்று சர்ச் சபையின் வாலிபர் சங்கத்தில் பேச்சு வந்தபோது ஹில்டாவும் கை தூக்கினாள். மற்றவர்கள் நீதிக் கதைகளோடு வந்தார்கள். அவள் வந்தது நூலகத்தில் எடுத்த ஒரு தடித்த மொழிபெயர்ப்பு நாவலோடு. பிள்ளைகளுக்காக எடுத்தாள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கும் இடையே இருந்த செம்மண் சாலையில் நடக்கும்போதெல்லாம் அவள் உண்மையில் வேறொரு நாட்டில்தான் நடந்துகொண்டிருந்தாள். அங்கே ஜன்னல் கண்ணாடிகளில் உறைபனி பூத்திருந்தது, குதிரைகளின் மூச்சு புகையாக எழுந்தது. அந்த நாட்டில் துணைக்கு யாராவது இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

துணையாக வந்து சேர்ந்தவள் பேபி. எட்டு வயதோ ஒன்பதோ இருக்கும். முதல் வாரமே, “பனின்னா இன்னாக்கா, மார்கழில உழுதே, அதுவா?” என்று கேட்டாள்.

“அது இல்ல. ஐஸ் மாதிரி. தெருவெல்லாம் வெள்ளையா கொட்டிக் கிடக்கும்.”

“மீன் பொட்டில போட்டு வெச்சிக் கீறாங்களே, அந்த மாரியா? அப்ப ஊரே கவுச்சி அடிக்குமேக்கா!”

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் பாயை விட்டு உருண்டார்கள்.

பேபியின் அப்பா பொன்னுசாமி குவாரியில் கல் உடைப்பவர். அம்மா கனகவல்லி, வேலிக்கு நேர் எதிரே தெரிந்த பெண்கள் வார்டில் தீபாவளிக்கு முன்பிருந்தே இருந்தாள். கதை முடிந்ததும் பேபி வேலிக்கு ஓடுவாள். வராந்தாவில் வந்து நிற்கும் அம்மாவுக்கு அன்றைய கதை முழுவதையும் கத்திச் சொல்லுவாள். மற்றப் பெண்களும் தூணில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். தான் ஒரு வார்டுக்கே படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது, லீனாவின் அம்மா இருமத் தொடங்கிய வாரம்தான் ஹில்டாவுக்கு உறைத்தது. அடுத்த பகுதியைச் சனிக்கிழமை ஒருமுறை படித்துப் பார்த்துக்கொள்வது அவள் வழக்கம். நேற்று அந்தச் சாவைப் படித்ததும் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

“யம்மோவ்! அந்தம்மா பொயச்சிக்கிச்சி!” என்று பேபி வேலியில் தொற்றிக்கொண்டு கத்தினாள். வராந்தாவில் யாரோ கை தட்டினார்கள். கனகவல்லி தட்டவில்லை. மகளைத் தாண்டி ஹில்டாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சங்கச் செயலாளர் சத்தியநாதன் பாயைச் சுருட்டிக்கொண்டே, “பரவாயில்லையே ஹில்டா, உங்க வெள்ளைக்காரன் கடைசில டீசன்ட்டா முடிச்சிட்டான். எங்கே எல்லாரையும் கொன்னுடுவானோன்னு பயந்துட்டிருந்தேன்” என்றான்.

அந்த வாரம் முழுக்க டைப் மெஷினில் அவள் விரல்கள் தப்பான எழுத்துகளில் விழுந்தன. வீட்டில் அம்மா, “ஏண்டி உள்ள போறதும் வெளிய வர்றதுமா இருக்க? ஒரு எடத்துல உக்காரேன்” என்று கடிந்துகொண்டாள். உட்கார முடியவில்லை. நல்லதுதானே செய்தோம் என்று ஒரு நேரம் தோன்றும். யாரைக் கேட்டு அவளைப் பிழைக்கவைத்தாய் என்று மறுநேரம் தோன்றும். எழுந்துபோய் மீதியைப் படித்தாள். லீனா ஒரு கடுகடுத்த அத்தையின் வீட்டுக்குப் போனாள், அங்கிருந்து ஓடினாள், பட்டணத்து ரொட்டிக் கடையில் மாவு பிசையக் கற்றுக்கொண்டாள். பசித்த பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தின்பதுபோல இருந்தது ஹில்டாவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மிருகக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாமலே நாவலையும் பைக்குள் போட்டாள்.

மரத்தடிக்குப் போகும் முன்பே பேபி ஓடிவந்து, “அம்மா உன்னக் கூப்புடுதுக்கா. என்னய வரவேணான்னிச்சி” என்றாள்.

கனகவல்லி வராந்தாவை விட்டு இறங்கி, வேலிக்குச் சற்றுத் தள்ளிச் சரளைக்கல் தரையில் நின்றிருந்தாள். முந்தானை வாயை மூடியிருந்தது.

“புக்குல அந்தம்மா செத்துட்டாங்க, இல்ல?”

“இல்லீங்க, அவங்க வந்து...”

“சும்மா சொல்லு கண்ணு. கஞ்சி குட்ச்சிட்டு எழுந்து குந்தற இருமலா அது? எங்களாண்டயேவா!”

வராந்தாவில் ஒருத்தி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. ஹில்டா தலையசைத்தாள்.

“அதோட கதை முட்ஞ்சிடுதா?”

“இல்ல. இன்னும் பாதி இருக்கு.”

“பாதியா!” கனகவல்லியின் கண்கள் விரிந்தன. “அம்மாங் கதை கீதா? அதுல அந்தப் பொண்ணு இன்னா பண்ணுது? யாரு தல வாரி வுட்றாங்க? ராவுல எங்க பட்த்துக்குது?”

“உங்களுக்குத் தனியா சொல்றேனே. பேபி சின்னப் பொண்ணு.”

“எனுக்கு எதுக்கு? அவுளுக்குப் படி.” அவள் மகள் நின்ற பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “ஊசி போட்டுக்கினுதான் கீறாங்க. தேறிடும்னுதான் டாக்டரு சொல்றாரு. தேறுனா சரி. ஆனா நான் இல்லாட்டி இன்னா பண்றதுன்னு வாயத் தொறந்து சொன்னா, அம்மா சாவப்போவுதுன்னு அயுதுகினு கெடக்கும். கதைன்னா கேட்டுக்கும்.”

“கதையக் கேட்டும் அழுதா?”

“அயுவட்டும். நீ கூட கீறியே. நானும் இங்கதான நிக்கறேன்.”

ஹில்டா பாயை இழுத்து வேலி ஓரமாகப் போட்டாள்.

“அதான் முடிஞ்சு போச்சே?” என்றான் சத்தியநாதன்.

“முடியல. நான்தான் முடிச்சுட்டேன்.”

பிள்ளைகளிடம், “போன வாரம் ஒரு இடத்துல, புக்ல இல்லாததச் சொல்லிட்டேன். அங்கேருந்து மறுபடியும் படிக்கிறேன்” என்றாள்.

“பொய் சொன்னியாக்கா!” என்று ஒருவன் குதித்தான். பேபி குதிக்கவில்லை. ஒருதரம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அந்தம்மா கஞ்சி குட்ச்சாங்களே, அதுவாக்கா?”

“அதுதான்.”

பேபி நகர்ந்து வந்து, முழங்கால் இடிக்கும் அளவுக்கு ஒட்டி உட்கார்ந்தாள்.

“இங்கயும் கேக்கணும், சத்தமா படிம்மா!” வராந்தாவிலிருந்து குரல் வந்தது. ஹில்டா தொண்டையைச் செருமிக்கொண்டாள். “விடியும்போது அடுப்பு அணைந்திருந்தது. லீனா எழுந்து, அம்மாவின் கையைத் தொட்டாள்...”

அப்போது பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் ஊதிக்கொண்டு வந்தது. இனி அது போகும்வரை எதுவும் கேட்காது. ஹில்டா அடுத்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிறுத்தினாள். தண்டவாளப் பக்கம் தரை அதிர்ந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. சரளைக்கல் தரையில் கனகவல்லி முந்தானையை எடுக்காமல், காது பக்கம் கையைக் குவித்தபடி நின்றாள். பேபி ரயிலைப் பார்க்கவில்லை. தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்திருந்தவள், ஹில்டாவின் விரல்மேல் தன் விரலை வைத்து, அது எங்கும் போய்விடாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.