மரப்பட்டைக்குக் காவல்

அந்த வீட்டில் ஒரு மரப்பட்டை ராஜவாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கண்ணாடிப் பெட்டி, வலை போட்ட மூடி, வேளைக்குத் தண்ணீர் தெளிக்க ஆள், தனி அலமாரித் தட்டு. கேட்டால் பட்டைக்குள் ஒரு சிலந்தி இருக்கிறது என்று தம்பி சொல்லுவான். அவன் சொன்னதை நம்புவது அவரவர் பெருந்தன்மை.

சாதாரணச் சிலந்தி இல்லை, டாரன்டுலா என்கிற மயிரடர்ந்த சாதி. அதிலும் மரத்திலேயே குடியிருக்கும், நகத்தளவே உள்ள குட்டி வகை. பட்டையில் குழி பறித்து, நூலும் பட்டைத் துகளும் சேர்த்து ஒரு கதவு செய்து, கீல் வைத்து, உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும். சாத்திவிட்டால் கதவு எது, பட்டை எது என்று தெரியாது. உடம்பில் நீலமும் பச்சையும் மினுமினுக்கும் அழகு என்பார்கள். கொண்டுவந்த அன்று எல்லோரும் ஒருதரம் பார்த்தார்கள். அது இவர்களை ஒருதரம் பார்த்தது. பார்த்தது போதும் என்று உடனே கதவு கட்ட ஆரம்பித்துவிட்டது.

"மீன் வளக்கிறவன் மீனக் காட்டுறான், கிளி வளக்கிறவன் கிளியக் காட்டுறான்," என்றாள் அக்கா. "நீ ஒருத்தன்தான்டா விருந்தாளிக்கெல்லாம் விறகக் காட்டுற."

தம்பி பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். சாயங்காலம் கணக்கு வகுப்புக்குப் போகிறவன். ஒரு திருகை முடுக்கிவிட்டு, முடுக்கினோமா என்று பார்த்துவிட்டு, பார்த்தோமா என்று யோசிப்பவன். அவன் கையில் வந்து சேர்ந்ததோ இப்படிப்பட்ட நோஞ்சான் ஜீவன். காற்றில்லாமல் புழுங்கினால் போய்விடும். ஒரேயடியாகக் காய்ந்தாலும் போய்விடும். தம்பி பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் தண்ணீர் தெளிப்பான். அதிகமாகிவிட்டதோ என்று பஞ்சால் ஒற்றுவான். ஒற்றியது அதிகமோ என்று மறுபடி தெளிப்பான். இதையெல்லாம் ஒரு சிலந்தி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தால் அது என்ன நினைக்கும் என்று மட்டும் அவன் நினைத்துப் பார்த்ததில்லை.

முன்பெல்லாம் பொழுது சாய்ந்தால் கதவு மயிரிழை அளவு தூக்கி, இரண்டு கால்நுனி எட்டிப் பார்க்கும். கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. சிலந்தியைக் கொடுத்தவரைப் போனில் பிடித்தான்.

"தோல் உரிக்கப் போகுதோ என்னவோ," என்றார் அவர். "அந்த நேரத்துல உடம்பு பால்கட்டி மாதிரி இருக்கும். கதவ நோண்டினீங்க, கதை முடிஞ்சுது. சும்மா விட்டுடுங்க."

"ஒருவேளை செத்திருந்தா சார்?"

"செத்திருந்தா அவசரமே இல்லையே."

ஆனால் அவசரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்காவின் நாத்தனார் வருகிறாள், பெட்டி இருக்கிற அறையில்தான் தங்கப்போகிறாள். நாத்தனார் எதையும் மறக்கிற ரகம் இல்லை.

"உசிரோட இருந்தா ஹால்ல ஒரு மூலையில வச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் அக்கா. "செத்தத வீட்டுக்குள்ள வச்சு அவங்களப் பக்கத்துல படுக்கவச்சேன்னு தெரிஞ்சா, என் காலம் முடியிற வரைக்கும் சொல்லிக்காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு காலாவது காட்டு. இல்லன்னா பெட்டி வெளிய."

அக்காவின் புருஷன் பூட்டுக்காரர். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தெருவில் நிற்பவர்களுக்கெல்லாம் அவர்தான் கடவுள். மூடிய கதவு ஒன்று எதிரில் இருந்தால் அவருக்குக் கை அரிக்கும். அந்த மனிதரின் வீட்டிலேயே அவர் திறக்காத கதவு ஒன்று இருந்தது என்றால், அவருடைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். வேலை விட்டு வந்ததும் பெட்டி முன்னால் குந்துவார். நகத்தால் கண்ணாடியை டொக் டொக்கென்று தட்டுவார்.

"தட்டாதீங்க மாமா."

"தட்டாம ஒரு கதவுகிட்ட போகலாமா? தொழில் மரியாதை மாப்ள. கீல் மேலயா, பக்கத்துலயா?"

"மேல."

"இடுக்கே தெரியல பாரு. நம்ம ஊரு ஆசாரி ஒருத்தனும் இப்படிச் செய்ய மாட்டான். ரெண்டு நிமிஷம் குடு. நான் தொறந்தா தொறந்த மாதிரியே தெரியாது."

"அதுக்குத் தெரியும் மாமா."

இதற்கு நடுவில் இன்னொரு விசித்திரம். தம்பி தீனிக்காகக் குட்டிச் சில்வண்டுகளைப் பெட்டிக்குள் விடுவான். காலையில் பார்த்தால் அவற்றைக் காணோம். கதவோ திறக்கவே இல்லை. வேறு யாராயிருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். தம்பி, நான்தான் போட மறந்திருப்பேன் என்று முடிவு செய்தான். தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்படத் தெரியாத பிள்ளை.

சனிக்கிழமையும் வந்தது, கால் ஒன்றும் வெளியே வரவில்லை. "தொடாதீங்க மாமா" என்று சொல்லிவிட்டு தம்பி வகுப்புக்குப் போனான். திரும்பி வந்தபோது அக்கா சாப்பாட்டு மேஜையின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன்க்கா மேல ஏறிட்ட?"

"உங்க மாமாவக் கேளு."

மாமா அறைக்குள் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நின்றார். பெட்டியின் மூடி திறந்திருந்தது. பட்டையில் சட்டைப் பொத்தான் அளவு கதவு ஒன்று, கீல் அறுந்து, ஒற்றை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா டார்ச்சைக் கையில் எடுத்தார்.

"காலி மாப்ள. உள்ள நூல் போட்ட வழி மட்டும் இருக்கு, கொஞ்ச தூரம் போய்த் திரும்புது. ஆள் இல்ல."

தம்பி கத்தவில்லை. மூடியை நேற்று ஒழுங்காகப் போட்டோமா என்றுதான் முதலில் யோசித்தான். போட்டிருந்தான். அல்லது போட்டதாக நினைத்திருந்தான்.

அடுத்து வீடே கவிழ்க்கப்பட்டது. செருப்பை உதறினார்கள், தலையணை உறையைக் கழற்றினார்கள், திரைச்சீலையைத் தூரத்தில் நின்று குச்சியால் தட்டினார்கள். இத்தனை நாளாகச் செத்துப்போனது என்று வசை வாங்கிய ஜீவன், இப்போது எல்லா மூலையிலும் ஒரே நேரத்தில் உயிரோடு இருந்தது.

"இந்த வாரம் பூரா உசிரோட இருந்தா காட்டுன்னு கேட்டேன்," என்று மேஜை மேலிருந்து அக்கா சொன்னாள். "இப்ப செத்திருந்தா நல்லாயிருக்குமேன்னு நெனைக்கிறேன். என்ன எந்த நிலைக்குக் கொண்டுவந்துட்டீங்க ரெண்டு பேரும்."

"நான் கதவத்தானே தொறந்தேன்," என்றார் மாமா.

"ஆமா, நாளைக்கு உங்க அக்கா வந்து கேட்டா அதையே சொல்லுங்க. தம்பி, அந்தப் பெட்டிய இப்பவே வெளிய கொண்டு வை."

தம்பி பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேஜைப் பக்கம் வந்தான். வந்த நாளிலிருந்து சுவரை ஒட்டியே இருந்த பெட்டி அது. பத்திரம் என்று அவனேதான் அப்படி ஒட்டி வைத்தான். அதனால் பின்பக்கத்தை யாரும் பார்த்ததே இல்லை. திருப்பியபோது விளக்கு வெளிச்சம் அங்கே விழுந்தது. பட்டைக்கும் பின் கண்ணாடிக்கும் நடுவில், விரல் அகல இடத்தில், எட்டுக் கால்கள் சுருண்டு கிடந்தன.

மாமா குரலைத் தாழ்த்தினார். "இதோ கிடக்கு. பாவம், போய்ச் சேந்துடுச்சு மாப்ள."

தம்பி மனதுக்குள் கணக்குப் பார்த்தான். தண்ணீர் அதிகமா, குறைவா? பஞ்சால் ஒற்றியதாலா, ஒற்றாததாலா? குற்றம் எது என்று தெரியவில்லையே தவிர, குற்றவாளி யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

ஆனாலும் கை தன் பழக்கத்தை விடவில்லை. கடையில் எந்த லென்ஸைக் கொடுத்தாலும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான். பெட்டியை விளக்குக்கு நேராகத் தூக்கினான். அந்தக் கால்களுக்குள் வெளிச்சம் புகுந்து இந்தப் பக்கம் வந்தது. சதை இருந்தால் வராது.

"மாமா, இது வெறும் தோல்," என்றான். "உரிச்சுப் போட்டிருக்கு."

தோலுக்குக் கீழே, சாப்பிட்ட இலையில் ஒதுக்கியதுபோல, சில்வண்டுக் கால்கள் குவிந்து கிடந்தன. அதற்குச் சற்று மேலே, பட்டையின் பின்முகத்தில், வட்டமாக ஒரு கோடு. கண்ணை வைத்துத் தேடினால்தான் தெரியும். கீல் மேல்பக்கம்.

மூவருமாக அதையே பார்த்தார்கள். அக்காவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"வந்தவன் போனவனெல்லாம் முன்வாசல்ல குந்திக்கிட்டு டொக்கு டொக்குன்னு தட்டினா அது என்ன பண்ணும்? கொல்லைப்பக்கமா வழி வச்சுக்கிச்சு," என்றாள். "எனக்கே அப்படி ஒண்ணு வைக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு."

"தோல் இருக்கு, சரி. ஆள் இருக்கா?" என்றார் மாமா. கை தானாகவே பின்கதவை நோக்கிப் போனது. தம்பி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"இதத் தொட்டீங்கன்னா நானே வீட்டை விட்டுப் போயிடுவேன் மாமா."

தம்பி அவ்வளவு தீர்மானமாக ஒரு வாக்கியம் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. மாமா கையை இழுத்துக்கொண்டார். ஆனால் அவருடைய தொழிலில் இன்னொரு மரியாதையும் உண்டு. தான் திறந்த கதவை ஒழுங்காகச் சாத்தாமல் அவர் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை.

"முன்கதவையாவது பொருத்திட்டு வந்துடறேன்," என்றார் தணிவாக.

இடுக்கியால் அந்தத் துக்கடாக் கதவைப் பிடித்து, மூச்சை அடக்கி, வாசலில் வைத்தார். கீல் இல்லாத கதவு, விட்டால் விழுந்துவிடும். பிடித்துக்கொண்டே நின்றார். நேரம் போனது. அக்கா மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மாமாவின் முகம் மாறியது.

"மாப்ள," என்றார் ரகசியம் போல. "உள்ளேயிருந்து யாரோ இழுக்கிறாங்க."

"விட்டுடுங்க மாமா. மெதுவா."

இடுக்கி விலகியது. கதவு விழவில்லை. லேசாக ஒரு ஆட்டம் ஆடி, கோணலை நேராக்கி, பட்டையோடு பட்டையாக உட்கார்ந்தது. எத்தனையோ கதவுகளைத் திறந்த மனிதர், கையிலிருந்த கதவை ஒருவர் பிடுங்கிச் சாத்தியதை அன்றுதான் பார்த்தார்.

அக்கா ஒரு காலை மட்டும் தரையில் வைத்தாள். "கால் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"அப்புறம் எப்படி உசிரோட இருக்குன்னு சொல்றது?"

"மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்துச்சு," என்றார் மாமா. "உங்க வீட்டு ஆளுங்களே அவ்வளவு உசிரோட இருந்து நான் பாத்ததில்ல."

அக்கா அடுத்த காலையும் இறக்கினாள். ஹால் மூலையிலிருந்த முக்காலியின் மேல் கிடந்த செய்தித்தாள்களை வாரி எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் துணியால் துடைத்தாள். தம்பி பெட்டியைக் கொண்டுவந்து, முன்போலவே பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தான். சரியாக ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பார்த்தோமா என்று மறுபடியும் பார்த்தான்.

மாமா பெட்டி முன்னால் குந்தி, வழக்கம்போல விரலை மடக்கினார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள். அவர் அந்த விரலால் காதைக் குடைந்துகொண்டார்.