ஒட்டாத தாங்யுவான்

என் கணவர் குவோஷிங்கை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு கையால் படகின் சுக்கானையும் மறு கையால் தன் வயிற்றையும் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார். எண்பத்து மூன்றாம் வருடம், புத்தாண்டு முடிந்த மூன்றாம் நாள். எங்கள் நிங்போ நகரத்தில் அப்போது இத்தனை பாலங்கள் கிடையாது. ஆற்றின் அக்கரையில் இருந்த பருத்தி ஆலைக்குப் போக வேண்டுமென்றால் அவர் ஓட்டிய படகுதான் கதி. எனக்குக் காலை ஷிப்ட். குளிரில் மூக்கு சிவந்து, சுக்கானுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"முப்பத்தெட்டு," என்றார்.

"என்னது முப்பத்தெட்டு?"

"தாங்யுவான். நாப்பது தின்னு காட்டுறேன்னு துறைமுகக் கேன்டீன்ல பந்தயம் கட்டினேன். ரெண்டுல போச்சு."

படகே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாங்யுவான் என்ற எள்ளுப் பூரண உருண்டைக்கு வேண்டிய பசையரிசியைக் கூப்பன் கொடுத்து வாங்கிய காலம் அது. எங்கள் வீட்டில் ஏழு பேருக்குமாகச் சேர்த்தே முப்பது உருண்டைதான் தேறியிருந்தது.

"ஒரு குடும்பத்தோட புத்தாண்டையே முழுங்கிட்டு நிக்கிறீங்க. வெக்கமா இல்ல?" என்றேன்.

மறுநாள் காலை படகில் ஏறியபோது என் கையில் ஒரு காகிதப் பொட்டலத்தைத் திணித்தார். உள்ளே கறுப்பு எள். "வெக்கமா இருந்துச்சு. அதான்," என்றார். அந்த இலையுதிர் காலத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தாங்யுவான் செய்தோம். அரிசியை ஊறப்போட்டு, தண்ணீர் விட்டு அரைத்து, மாவைத் துணிமூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிடுவது என் வேலை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வாளியில் விழும் சத்தத்தோடுதான் எங்கள் பண்டிகை தொடங்கும். பூரணம் அவருடைய பொறுப்பு. பன்றிக் கொழுப்பின் மெல்லிய சவ்வை நகத்தால் உரித்து, வறுத்து இடித்த எள்ளையும் சர்க்கரையையும் அதில் போட்டு, கை கறுக்கக் கறுக்கப் பிசைவார். சுக்கான் பிடித்துக் காய்த்துப்போன கை அது. அதற்குள் கொழுப்பு உருகி எள்ளோடு கலப்பதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கும். எங்கள் மகன் ஹாங் மேஜைக்கு அடியில் ஒளிந்திருந்து பூரணத்தைத் திருடித் தின்பான். முகமெல்லாம் கறுப்பாக வெளியே வந்து, "நான் எடுக்கல," என்பான்.

பாலங்கள் வந்தன. படகு நின்றது. ஆலையையும் மூடினார்கள். ஹாங் ஷென்ஜென் நகரத்துக்கு வேலைக்குப் போனான். எது மாறினாலும் புத்தாண்டின் முதல் காலையில் எங்கள் வீட்டில் எள்ளும் கொழுப்பும் மணக்காமல் இருந்ததில்லை.

அறுபத்தொன்பதாம் வயதில், ஒரு வசந்தகாலக் காலையில், முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையில் பலம் போயிற்று. பேச்சு பாதி போயிற்று. ஆனால் உண்மையான அடி தொண்டையில்தான். சாதாரணத் தண்ணீர்கூட வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடும் என்றார்கள். தண்ணீரையே மாவு கலந்து கெட்டியாக்கித்தான் கொடுத்தேன். சோறு, மீன், கீரை, எதுவானாலும் அரைத்த கூழ். பதினான்கு கிலோ இளைத்துப்போனார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒட்டுற சாப்பாடு எதுவுமே கூடாது. தாங்யுவான் பேச்சையே எடுக்காதீங்க," என்றார். அவரும் நிங்போக்காரர் என்பதால்தான் அதைப் பெயர் சொல்லிச் சொன்னார் போலும்.

அடுத்து வந்த புத்தாண்டுக்கு நான் அரிசி ஊறப்போடவில்லை. ஹாங் வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போனான். பக்கத்து வீடுகளில் எள் வறுக்கும் வாசனை மாடிப்படி வழியாக ஏறி வந்தது. குவோஷிங் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆறாம் நாள் நான் சந்தைக்குப் போய்த் திரும்பினால், வீட்டில் ஆளைக் காணோம். கைத்தடியும் இல்லை, செருப்பும் இல்லை. தெருவில் இரண்டு பக்கமும் ஓடினேன். கடைசியில் முக்குக் கடையில் கண்டுபிடித்தேன். அடுப்புக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு கிண்ணம் நிறைய தாங்யுவான்.

கடைப்பெண் என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள். "பெரியம்மா, இவரு உங்க வீட்டுக்காரரா? ஒரு மணி நேரமா இப்படியே உக்காந்திருக்காரு. ஒண்ணுகூடத் தொடல. ஆறிப்போச்சே, வேற சூடாத் தரட்டுமான்னு கேட்டா, 'ஆமா'ங்கறாரு. இது மூணாவது கிண்ணம்."

அவர் ஆவிக்காக மாற்றச் சொல்லியிருக்கிறார். கிண்ணத்தின் மேல் முகத்தைக் கவிழ்த்து, கண்ணை மூடி, அந்த ஆவியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

"வா கிழவா, வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

"சாப்... பிடல," என்றார், திருட்டில் மாட்டிக்கொண்ட ஹாங்கைப் போலவே.

"தெரியும்."

"பாத்தேன். அவ்ளோதான்."

தெருவில் அவர் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தபோது நான் திட்டவில்லை, அழவுமில்லை. வீட்டுக்கு வந்து அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, மாவு பிசையும் பெரிய பாத்திரத்தை அலமாரியின் மேல்தட்டிலிருந்து இறக்கினேன்.

தொண்டைப் பயிற்சிக்காக வாரம் இரண்டு முறை ஜுவாங் என்ற பெண்ணிடம் அவரை அழைத்துப் போவேன். முப்பது வயதுகூட இருக்காது. சிரிக்கவே மாட்டாள். அரிசி மாவைப் பாதியாகக் குறைத்து, தண்ணீருக்குப் பதில் மெத்தென்ற சோயா டோஃபுவைப் போட்டுப் பிசைந்த முதல் உருண்டையை டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தேன். அவள் கரண்டியால் ஒரு துண்டை வெட்டி மேலே தூக்கினாள்.

"பெரியம்மா, இங்க பாருங்க. எவ்ளோ தூரம் நீளுதுன்னு. தொண்டைக்குள்ளயும் இதே மாதிரிதான் நீளும்."

அரிசி மாவை அடியோடு விட்டேன். தாமரைக்கிழங்கு மாவில் செய்தேன். கண்ணாடி மாதிரி பளபளவென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. ஜுவாங் அதைத் தட்டில் உருட்டிவிட்டாள். அது விளிம்பு வரை போய் நின்றது.

"இது வழுக்கிட்டு ஓடுது. அவரு முழுங்கத் தயாராகறதுக்கு முன்னாடியே உள்ள போயிடும்."

மூன்றாவது தடவை உள்ளிருந்த பூரணம்தான் பிரச்சினை. சூட்டில் கொழுப்பு உருகித் தண்ணீராக ஓடியது. அதுவும் ஆபத்தாம். நான்காவது வேகும்போதே உடைந்தது. ஐந்தாவது உருண்டையை ஜுவாங் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "கல்லு," என்றாள்.

விஷயம் ஹாங்குக்குத் தெரிந்துவிட்டது. போனில் கத்தினான். "ஒரு உருண்டைக்காக அப்பாவைக் கொல்லப் போறியாம்மா? அரைச்ச சோத்தைக் குடுத்துட்டுச் சும்மா இருக்க முடியாதா?"

"மூணு கிண்ணம் வாங்கி வெச்சுக்கிட்டு மோந்து மட்டும் பாத்தாருடா உங்கப்பா," என்றேன்.

லைன் போய்விட்டது என்று நினைத்து வைக்கப் போனேன். அப்புறம், "டோஃபு எவ்ளோ போட்ட, மாவு எவ்ளோ போட்ட, சொல்லு," என்றான்.

"கண்ணளவுதான்."

"கண்ணளவுல போட்டா ஒவ்வொரு தடவையும் வேற மாதிரிதாம்மா வரும்."

நான்கு நாளில் பார்சல் வந்தது. காபிக் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு குட்டித் தராசு, எள்ளைத் தைலம் போல அரைக்கிற மிக்சி, அரைவட்டக் குழிகள் உள்ள சிலிகான் அச்சு. அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் அங்கே வீடியோவில் உட்கார்ந்து அளவு சொல்ல, நான் இங்கே கிளறினேன். கொதிக்கும் தண்ணீரில் போடுவதை விட்டு ஆவியில் வேக வைத்தோம். பூரணம் ஓடாமல் இருக்கச் சேனைக்கிழங்கை மசித்து எள்ளோடு சேர்த்தோம். கொழுப்பை வாசனைக்கென்று நகக்கண் அளவு மட்டும் வைத்தோம். சூப்பே கிடையாது. குய்ஹுவா என்ற வாசனைப் பூ போட்டுக் கெட்டியாகக் காய்ச்சிய பாகு மேலே ஒரு கரண்டி. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் மகன் வாரா வாரம் ஒரு மணி நேரம் என்னோடு பேசினான். மேஜைக்கடியில் ஒளிந்ததையும் அவனே நினைவுபடுத்தினான். "அப்பாவுக்குத் தெரியும்மா. வேணும்னே ஓரத்துல கொஞ்சம் வெச்சுட்டுப் போவாரு," என்றான். எனக்கு அது அதுவரை தெரியாது.

மழைக்காலம் வந்து சுவரெல்லாம் ஈரம் பூத்தது. பதினோராவது உருண்டையை ஜுவாங்கிடம் கொண்டுபோனேன். கரண்டியின் பின்புறத்தால் அமுக்கினாள். நசுங்கியது. நீளவில்லை, திரும்ப எழவும் இல்லை. இன்னொன்றைத் தன் வாயில் போட்டு, மெல்லாமல் நாக்கால் மட்டும் அழுத்திப் பார்த்தாள்.

"என் முன்னாடி குடுங்க. நல்லா நிமிந்து உக்காரணும், தாடை கீழ இருக்கணும். ஒண்ணே ஒண்ணு. அதையும் நாலா வெட்டி."

குவோஷிங்கின் வாயில் முதல் துண்டை வைத்தேன். அவர் உதட்டில் எள் கறுப்பாக அப்பிக்கொண்டது. மெதுவாக நாக்கைச் சுழற்றினார். ஜுவாங் அவர் தொண்டையில் இரண்டு விரலை வைத்துக் காத்திருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

"முழுங்கிட்டாரு," என்றாள்.

இருமல் வருமோ என்று நான் எண்ணிக்கொண்டே நின்றேன். வரவில்லை. அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"இது... தாங்யுவான் இல்ல," என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அரை வருடமாக நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "அப்ப எதுக்கு முழுங்கின? துப்ப வேண்டியதுதானே!"

"இன்னொண்ணு குடு."

ஜுவாங் சிரித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

பஸ்ஸில் வீடு திரும்பும்போது பாதி வழியில், "கொழுப்பு... பத்தல," என்றார். அடுத்த நிறுத்தத்தில், "எள்ளு சரியா வறுபடல," என்றார். பக்கவாதம் வந்த பிறகு அவர் ஒரே நாளில் இத்தனை வார்த்தை பேசியது அதுதான்.

அந்த வருடம், தாங்யுவான் உருட்டும் இன்னொரு பண்டிகையான குளிர்கால நடுநாளன்று, ஜுவாங் கேட்டுக்கொண்டதால் பயிற்சிக் கூடத்தில் இருந்த ஒன்பது பேருக்கும் செய்துகொண்டு போனேன். எல்லோரும் குவோஷிங்கைப் போலவே கூழ் குடித்து அலுத்தவர்கள். ஷூ என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒரு துண்டை வாயில் வைத்ததும் எழுந்து போகப் பார்த்தார். அவர் மனைவி பயந்துபோய்ப் பிடித்துக்கொண்டாள். அவருக்கு ஒன்றுமில்லை, எல்லோர் முன்னும் அழ வெட்கம், அவ்வளவுதான். குவோஷிங் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவரிடமும், "உண்மையான தாங்யுவான்... இப்படி இருக்காது," என்று சொல்லிக்கொண்டே தன் பங்கைக் காலி செய்தார்.

பிறகு இரண்டாவது புத்தாண்டு வந்தது. ஹாங்குக்கு லீவு கிடைக்கவில்லை. முதல் நாள் காலையில் உருண்டைகளை ஆவியில் வைத்து, இரண்டு தட்டில் எடுத்து வந்து மேஜையில் வைத்தேன். அவர் தன் தட்டைப் பார்த்தார், என் தட்டைப் பார்த்தார்.

"உன்னோடது எங்க?"

"இதுதான். நானும் இதையேதான் சாப்பிடறேன்."

"எப்பலேர்ந்து?"

அவர் விழுந்த நாளிலிருந்து நான் ஒரு தாங்யுவான்கூடச் சாப்பிட்டதில்லை. அதை நான் ஒரு விரதமாக நினைத்துச் செய்யவில்லை. வாயில் வைக்க மனம் வரவில்லை.

இடது கையால் என் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "போய் நெஜத்தைப் போடு."

"மாவு இல்ல."

"பொய். ஹாங் உருண்டையாவே அனுப்பினான். ஃப்ரீசர்ல இருக்கு."

"நீ பாத்துட்டு உக்காந்திருப்ப. என்னால முடியாது, கிழவா."

"நான் பாக்கணும்," என்றார்.

தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். உருண்டைகள் அடியில் கிடந்து, பிறகு ஒவ்வொன்றாக மிதந்து வந்தன. கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒன்றைக் கரண்டியில் எடுத்துக் கடித்தேன். பூரணம் பீறிட்டு நாக்கைச் சுட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சுடுதா?"

"சுடுது."

"பல்லுல ஒட்டுதா?"

"ஒட்டுது."

"ம்," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "மெதுவா. ஊதித் தின்னு."

நான் ஊதி ஊதித் தின்றேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு தன்னுடைய உருண்டையை நாக்கால் நசுக்கிக்கொண்டிருந்தார். சூப்பையும் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தேன். கிண்ணத்தைக் கீழே வைத்தபோது அவர் மேஜையின் மேல் சாய்ந்து, இடது கையால் என் மோவாயிலிருந்த எள்ளைத் துடைத்துவிட்டார்.