கண்ணாடியில் ஆள் தெரியாவிட்டால் நிறுத்து

ஜனவரி பதினோராம் தேதி, காலை ஏழே முக்கால் மணி. வெளியே முழங்கால் வரைக்கும் பனி. நானும் என் கணவன் எமிலும் சமையலறை மேஜையில் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஜூலை மாதத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவின் வட கோடியில் இருக்கும் எங்கள் மினசோட்டாவில் ஜனவரியில் இந்தச் சண்டை நடக்காத வீடு குறைவு. கோடை விடுமுறைக்கு ஏரிக்கரை முகாம்களில் இடம் வேண்டுமென்றால் ஆறு மாதம் முன்பே பதிய வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கெல்லாம் நல்ல இடம் எதுவும் மிஞ்சாது.

முப்பத்தொரு வருஷமாக எங்களுக்கு ஒரே இடம்தான். கெட்டில் ஏரி முகாம், இருபத்திரண்டாம் எண். காரின் பின்னால் மாட்டி இழுக்கும் டிரெய்லர் வீட்டை வளைவில் திருப்பி, இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே ரிவர்ஸில் நுழைக்க வேண்டும். நுழைத்துவிட்டால் பின் ஜன்னல் முழுக்கத் தண்ணீர். பக்கத்தில் இருக்கும் புல்தரையில் மகள் டெனீஸ் பிள்ளைகளோடு கூடாரம் அடிப்பாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் எமில் கையில் வேறு பெயர் எழுதிய தாள் இருந்தது.

"பைன் ஷோர்," என்றான். மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்ததால் அவனுக்குப் பேச்சு சின்னச் சின்னத் துண்டாகத்தான் வரும். "ஏழாம் நம்பர். நேரா உள்ள போலாம். நேரா வெளிய வரலாம். ரிவர்ஸே வேணாம்."

"அது முகாமா, லாரி நிறுத்துற இடமா? துணி துவைக்கிற கட்டடத்தைத் தாண்டி எட்டிப் பாத்தாத்தான் ஏரியே தெரியும்!"

"கரண்ட் இருக்கு. என் மெஷினுக்கு வேணுமில்ல?"

"இருபத்திரண்டுலயும் கரண்ட் இருக்கு. நாலு வருஷமா இருக்கு. நீதான் போன வருஷம் அதுல மெஷினை மாட்டின. யார்கிட்ட கதை விடுற?"

நான் வெடுக்கென்று அந்தத் தாளைப் பிடுங்கினேன். எனக்குப் பொறுமை கிடையாது, அது ஊருக்கே தெரியும். தாளின் பின்பக்கம் அவனுடைய கட்டை எழுத்தில் இன்னும் நிறைய இருந்தது. கழிப்பறை வாசலில் விளக்கு உண்டு. செல்போன் நன்றாக எடுக்கும். ஆஸ்பத்திரி ஒன்பது மைல். தண்ணீர்க் குழாய் கைக்கெட்டும் தூரம். இருபுறமும் கோடை முழுக்கத் தங்கும் குடும்பங்கள், நல்ல மனிதர்கள், போன் செய்து விசாரித்தேன்.

எமிலுக்கு முகாமில் விளக்கு என்றாலே ஆகாது. ஒரு வருஷம் பக்கத்து இடத்துக்காரர் மரத்தில் மாட்டியிருந்த வண்ண விளக்குச் சரத்தை, அவர் மீன் பிடிக்கப் போன நேரம் பார்த்துக் கழற்றி வைத்தவன் அவன். செல்போனைக் காரிலேயே பூட்டிவிட்டு வருவான். பக்கத்தில் ஆள் இருந்தால் முகத்தைச் சுளிப்பான். அப்படிப்பட்டவன் விளக்கும் போனும் அக்கம்பக்கமும் விசாரித்திருக்கிறான். இந்தப் பட்டியலில் அவனுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டிசம்பரில் டாக்டர், "கோடை வரைக்கும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது," என்றார். இரும்புச் சுரங்கத்தில் முப்பத்து நான்கு வருஷம் சுவாசித்த தூசி. வீடு திரும்பிய நாற்பது மைலும் நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

"எமில், இது எனக்குப் பாத்த இடமா? நான் தனியா போறதுக்கு?"

"ஆமா," என்றான். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதன்.

"நீ செத்த பிறகு நான் எங்க போகணும்னு நீ இப்பவே இடம் பாக்குறியா?"

"உனக்கு ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது, ஆர்டிஸ். டெனீஸ் புருஷனுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது. நான் இல்லன்னா நீ டிரெய்லரை வித்துட்டு வீட்டுக்குள்ள உக்காந்துருவ. எனக்கு அதுதான் பயம். சாவு பயமில்ல."

மணி ஏழு ஐம்பத்தேழு. அவன் போகப் போகிறான் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது அதுதான் முதல் தடவை, அதுவும் முகாமுக்கு இடம் பதியும் சாக்கில்.

"அப்ப எனக்குக் கத்துக்குடு," என்றேன்.

"முப்பத்தொரு வருஷமா சொல்றேன், கத்துக்கோன்னு."

"அப்ப நீ இருந்த. எனக்கு எதுக்கு?"

அவன் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். பிறகு நிபந்தனை போட்டான். ஏப்ரல் முடிவதற்குள், எதிலும் இடிக்காமல், வரிசையாக மூன்று தடவை நான் ரிவர்ஸில் நுழைத்துக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் கெட்டில் ஏரியை ரத்து செய்துவிட்டு, பைன் ஷோரில் கிடைத்த இடத்தைப் பதிய வேண்டும். நான் சரி என்றேன். எட்டு அடித்தது. இருபத்திரண்டை அமுக்கினேன். எத்தனை பேர் என்று கேட்ட கட்டத்தில், அவன் பார்க்கும்படி, விரலை ஓங்கி இரண்டு என்று தட்டினேன்.

டிரெய்லர் ரிவர்ஸ் என்பது எங்கள் பக்கத்தில் கல்யாண வாழ்க்கைக்கு வைக்கும் பரீட்சை. ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பின்னால் நின்று கை காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்து முகாமே மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்துவிடும். கெட்டில் ஏரியில் பட்ச் என்று ஒரு தடியர் இருக்கிறார், பத்தொன்பதாம் இடம். ஒவ்வொரு வண்டிக்கும் பத்துக்கு இவ்வளவு என்று கத்தி மதிப்பெண் போடுவார். எமிலுக்கு ஏழுக்குக் குறைந்ததில்லை. முதல் வருஷம் மட்டும் மூன்று. அன்றைக்கு நான் "வா, வா" என்று கத்தினேன், அவன் வந்தான், பிர்ச் மரம் பின்விளக்கைத் தின்றுவிட்டது. நான் கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்றேன் என்று அவன், குரல் கேட்கவில்லையா என்று நான். இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் அவன் ஒரு விதி போட்டான். கத்தக் கூடாது, கைதான். பக்கவாட்டுக் கண்ணாடியில் ஆள் தெரியாவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். மூடிய முஷ்டியை உயர்த்தினால் வந்தாயிற்று, போதும் என்று அர்த்தம். அதற்குப் பிறகு நாங்கள் எதிலும் இடித்ததில்லை.

மார்ச் மாதம் டிரெய்லரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்தோம். தோண்டினோம் என்பது பேச்சுக்கு. நான் தோண்டினேன், அவன் குறை சொன்னான். ஹாக்கி அரங்கத்துக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் பெரிய வாகனத் திடலில், இரண்டு பிர்ச் மரங்களுக்குப் பதிலாக இரண்டு பெயிண்ட் வாளிகளை வைத்தோம். எமில் பருமனான குளிர்கோட்டுக்கு மேல் ஆக்சிஜன் பையை மாட்டிக்கொண்டு, முப்பத்தொரு வருஷமாக நான் நின்ற இடத்தில் போய் நின்றான். நான் அவன் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன். இருக்கையை முன்னால் இழுக்க வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல் நாள் வாளி இரண்டும் சப்பை.

"ஸ்டியரிங்குக்கு அடியில கையை வை!" கதவருகே வந்து மூச்சிரைக்கச் சொன்னான். "வால் எந்தப் பக்கம் போகணுமோ, அந்தப் பக்கம் கையை நகத்து. கொஞ்சமா! மாவா பிசையுற?"

"நீ காட்டுற கை எனக்குப் புரியல."

"நீ எனக்குக் காட்டினதுதான் அது."

"நான் காட்டுறப்ப அழகா இருக்கும். நீ ஈ ஓட்டுற மாதிரி காட்டுற."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நான் இறங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கோட்டுக்குள்ளே ஆள் பாதியாகியிருந்தான். அதைத் தொட்டுப் பார்க்கும்வரை நான் தெரியாத மாதிரி இருந்தேன்.

ஏப்ரலில் அவனால் நெடுநேரம் நிற்க முடியவில்லை. மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரு கையால் காட்டினான். பிறகு இரண்டு விரல் மட்டும். நானும் முன்னேறியிருந்தேன். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி முதல் தடவை இடிக்காமல் நுழைத்தேன். இரண்டாம் தடவையும். மூன்றாவதில் பாதி வந்தபோது கண்ணாடியில் ஆளைக் காணோம்.

நிறுத்தினேன். விழுந்துவிட்டானோ என்று இறங்கி ஓடினேன். அவன் நாற்காலியை டிரெய்லருக்கு நேர் பின்னால், கண்ணாடியில் தெரியாத இடத்துக்கு நகர்த்திப் போட்டு, குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு அறிவிருக்கா? ஏத்தியிருப்பேனே!"

"ஏத்த மாட்ட. ஆள் தெரியலன்னா நிறுத்துவ. நிறுத்தினியா இல்லையா?"

"நிறுத்தினேன். அதுக்கு என்ன?"

"அவ்வளவுதான். நிறுத்து. இறங்கு. நடந்து வந்து உன் கண்ணால பாரு. திரும்பப் போய் ஏறு. எத்தனை தடவை வேணாலும் இறங்கு. ஒருத்தரும் உன்னை விரட்டல." மூச்சு திரும்பும்வரை நிறுத்தினான். "இப்ப நான் எங்கேயும் தெரிய மாட்டேன். நீ எடு."

அவனை நாற்காலியோடு ஓரமாகத் தள்ளி உட்கார வைத்தேன். அழுதுகொண்டே ஏறினேன். நான்கு தடவை இறங்கினேன், நான்கு தடவை ஏறினேன். வாளிகள் நின்ற இடத்திலேயே நின்றன. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் முகத்தில் இருந்தது நிம்மதி. பெருமை காட்டுவான் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

மே மாதம் ஏரிகளில் பனி உடைந்த வாரம் எமில் போய்விட்டான். வீட்டில்தான், பகலில், நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜூன் மாதம் டெனீஸ் வந்தாள். "அம்மா, பைன் ஷோர்ல ஏழாம் நம்பரை யாரோ விட்டுட்டாங்க. நேரா போற இடம். அதை எடுத்துரட்டுமா? எங்க கூடாரத்துக்கும் பக்கத்துல இடம் இருக்கு," என்றாள். அதே ஏழாம் எண். அவளுக்கு ஜனவரிச் சண்டை தெரியாது. ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. இடுப்பொடிய இறங்கி ஏற வேண்டாம், நாலு பேர் பார்க்க வேண்டாம். "வேணாம்டி. உங்கப்பா பரீட்சை வெச்சு பாஸ் போட்டுட்டாரு," என்றேன்.

ஜூலை பதினொன்று. கெட்டில் ஏரி வாசலில் சீட்டுக் கொடுக்கும் பெண் புதியவள். "ரெண்டு பேர்னு போட்டிருக்கு, மேடம். இன்னொருத்தர் வேற வண்டியில வர்றாங்களா?"

"ஒண்ணுன்னு மாத்திக்கோம்மா," என்றேன். அவள் பேனாவால் அடித்துத் திருத்தினாள். ஒரு கோடுதான். அதைப் பார்க்க முடியாமல் வண்டியைக் கிளப்பினேன்.

வளைவில் நாற்காலிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. எல்லாம் பழைய முகங்கள், எல்லோருக்கும் சேதி தெரியும். டெனீஸ் கூடாரக் கம்புகளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "நான் பின்னாடி நின்னு கை காட்டுறேம்மா."

"நீ உன் கூடாரத்தைப் பாரு."

ஸ்டியரிங்குக்கு அடியில் கையை வைத்தேன். டிரெய்லர் மெல்லத் திரும்பியது. கண்ணாடியைப் பார்த்தேன். ஒரு பிர்ச் மரமும் கொஞ்சம் தண்ணீரும் தெரிந்தன. ஆள் இல்லை. நிறுத்தினேன்.

இறங்கிப் பின்னால் நடந்தேன். முப்பத்தொரு வருஷமாக நான் நின்று நின்று புல் தேய்ந்த இடம் அங்கே அப்படியே இருந்தது. என்னையறியாமல் அதில் போய் நின்று, பழக்கத்தில் வண்டியின் கண்ணாடியைப் பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் எப்போதும் எமிலின் முகம் தெரியும், நாக்கைக் கடித்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது அதில் காலி இருக்கை. ஓட்டுகிறவளும் நான், கை காட்டுகிறவளும் நான் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் முழுசாகப் புரிந்தது. திரும்பப் போய் ஏறினேன்.

ஒன்பது தடவை இறங்கினேன். பட்ச் உட்பட ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். ஏழாம் தடவை எனக்கு எரிச்சல் பொறுக்கவில்லை.

"என்ன பட்ச், வாயில கொழுக்கட்டையா? முப்பத்தொரு வருஷமா கத்தின ஆளு, இன்னைக்கு என்ன?"

"இல்ல ஆர்டிஸ்... எப்படிக் கத்துறதுன்னு..." என்று அந்தத் தடியர் தொப்பியைத் திருகினார்.

"அவனுக்குப் போட்ட மாதிரி எனக்கும் போடுங்க. இரக்கப்பட்டு ஒரு மார்க் ஏத்தினாலும் எனக்குத் தெரிஞ்சிரும்."

ஒன்பதாம் தடவை ஏறி, கடைசி மூன்று அடி எடுத்தேன். இறங்கி நடந்தேன். இரண்டு மரங்களுக்கும் நடுவே டிரெய்லர் நின்றது. பின் ஜன்னல் முழுக்க ஏரி. தேய்ந்த புல்லில் போய் நின்று, காலியான அந்தக் கண்ணாடியைப் பார்த்து முஷ்டியை உயர்த்தினேன்.

"வந்தாச்சு, எமில். போதும்," என்று வாய்விட்டே சொன்னேன்.

பின்னால் பட்ச் தொண்டையைச் செருமுவது கேட்டது. பிறகு ஏரிக்கே கேட்கும்படி கத்தினார்:

"நாலு!"

நான் முஷ்டியை இறக்காமல் அழுதேன். எமிலுக்கு முதல் வருஷம் மூன்றுதான்.