சிவப்பென்றால் முக்கோணம்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கௌரவமான காரணம் ஏதாவது சொல்லலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன், ஒன்றும் தேறவில்லை. என் மனைவி ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. சேர்ந்து பத்து மாதமாகிறது, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வடிவங்கள் பாடத்துக்காக அட்டையில் முக்கோணம், வட்டம், சதுரம் வெட்டித் தரச் சொன்னாள். "ஒவ்வொரு வடிவமும் எல்லாக் கலர்லயும் இருக்கணுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னாள். நான்தான் சிவப்பு அட்டைகளை மொத்தமாக அடுக்கி, ஒரே வெட்டில் ஆறாறு முக்கோணங்களாக...

(முடிக்க மனம் வரவில்லை. மஞ்சளில் வட்டம், நீலத்தில் சதுரம். புரிந்திருக்குமே.)

காலையில் பையைத் திறந்து பார்த்தவள் கடிகாரத்தையும் பார்த்தாள். நேரமில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆய்வுக்கு வந்த கல்வி அதிகாரியின் காலடிச் சத்தம் கேட்டதும் பள்ளிக்கூடமே நடுங்கியது."

தோளுக்குப் பின்னால் நின்று மனைவி படித்தாள். "யாரு நடுங்கினாங்க? அந்தம்மா சத்தமே இல்லாம வந்து கடைசி பெஞ்சுல உக்காந்தாங்க."

"கதைக்கு ஒரு வில்லி வேணுமே."

"அவங்க நல்லவங்க. வில்லன் யாருன்னு எனக்குத் தெரியும்."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு அவசரமாக அடுத்த பகுதிக்குப் போனேன்.

3

நடந்தது இதுதான். பாடம் ஒரு வாரம் நன்றாகவே போயிருந்தது. அட்டையைக் காட்டினால் போதும், பிள்ளைகள் பட்டுப் பட்டென்று சொன்னார்கள். அதிகாரி தன் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கழற்றித் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன வடிவம்?"

மூடி நல்ல வட்டம். நல்ல சிவப்பும்கூட.

"முக்கோணம்!" என்று வகுப்பே கத்தியது.

மஞ்சள் நோட்டைக் காட்டினார். "வட்டம்!"

முன் வரிசையில் ஒரு சிறுமி. பள்ளி முழுக்க அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அதிகாரியின் நீல உடையை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்போ நீங்க சதுரமா டீச்சர்?"

(இந்தக் கதையில் வேறு யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், என்னையும் சேர்த்து. வாலு மட்டும் நிஜம்.)

4

முதல் முடிவு: அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்து, வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுகிறார். மனைவி பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதினாள்: சிரிக்கல.

இரண்டாம் முடிவு: வாலு கண்ணை மூடிக்கொண்டு மூடியின் விளிம்பை விரலால் தடவுகிறாள். மூலையே இல்லை என்று கண்டுபிடிக்கிறாள். கைதட்டல். எழுதிவிட்டு நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன்.

"நீங்க வெட்டினத மறக்க அதுங்களுக்கு ஒரு வாரமாவது ஆகும்" என்றாள் மனைவி.

மூன்றாம் முடிவு: கணவன் மூச்சிரைக்க ஓடிவந்து, "தப்பு என்னுது மேடம்" என்று...

பேனாவைக் கீழே வைத்தாள். "அத நான் சொல்லிட்டேன்."

"எத?"

"அட்டை யாரு செஞ்சதுன்னு கேட்டாங்க. நான்தான்னு சொன்னேன். பாக்காம எடுத்துட்டுப் போனது நான்தானே."

அங்கே என் பேச்சே எடுக்கவில்லையாம். ஆறு நாளாக இதை என்னிடமும் சொல்லவில்லை. நான் அதற்குள் அவளை வைத்து நகைச்சுவைக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இதற்கு மேல் அழகாக எழுதத் தெரியவில்லை.

5

அதிகாரி வருகிற வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். அன்றைக்கும் மூடி முக்கோணமாகவே இருந்தால் என் மனைவிக்கு அடுத்த வருடம் வேலை இல்லை. நாளைக் காலை வகுப்புக்கு அறுபது புது அட்டைகள் வேண்டும். இன்று ஞாயிறு, மணி நான்கு. கத்தரி மேசைமேல் இருக்கிறது. ஒரு மணி நேரமாக நான் பேனாவைத்தான் பிடித்திருக்கிறேன்.

"இன்னும் முடியலையா?"

"முடிவு மட்டும் பாக்கி."

"முடிவ எழுத வேணாம். வெட்டுங்க."

ஆகவே நான் எழுந்திருக்கிறேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாம். ஓர் அட்டையை எடுத்து முக்கோணம் ஒன்று வெட்டுங்கள். ஒல்லியோ குண்டோ, சாய்ந்ததோ தலைகீழோ, எதுவானாலும் சரி. காலை எட்டரைக்குள் வந்து சேர வேண்டும்.

சிவப்பு மட்டும் வேண்டாம். வீட்டில் நிறைய இருக்கிறது.